எண்பத்தெட்டு மீட்டர்

மாசானம் அண்ணாச்சி முதன்முதலாகக் கிளப்புக்கு வந்தபோது, தன் மனைவியின் கை அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்து வந்திருந்தார். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி, தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள உயரம். ரவிக்கைக்கு அளவெடுக்கும் டேப்பால் அளந்தது.

"ஒரு ரைஃபிள் வேணும்மா. பொம்பளையாளு தூக்குத மாதிரி இருக்கணும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுத்து மாட்டக் கூடாது. ஒண்ணு போனதும் அடுத்தது தானா ஏறணும்" என்றார்.

ஃப்ளோரன்ஸ் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பதினோரு வருடமாக இந்த கிளப்பின் பயிற்சியாளர் அவள்தான். ஆயுத லாக்கரின் சாவியும் அவளிடம்தான். இருபதுகளில் ஐம்பது மீட்டர் பிரிவில் மாநிலப் பதக்கங்கள் வாங்கியவள். திருவொற்றியூரில் மூடிப்போன ஒரு பெயின்ட் கம்பெனியின் வளாகத்தை வாடகைக்கு எடுத்து, பின்பக்கம் மண்மேடு கொட்டி, எட்டுப் பேர் வரிசையாகப் படுத்துச் சுடுகிற மாதிரி அமைத்திருந்தார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ரைஃபிள் கேட்டு வரும் பெரியவர்கள் கம்பெனிப் பெயரில் தொடங்குவார்கள், விலையில் முடிப்பார்கள். அளவோடு வந்த முதல் ஆள் இவர்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுல. ராமசெல்வின்னு பேரு."

"டார்கெட் சுடறதுக்கு ஒவ்வொண்ணா மாட்றதே போதும். அதுதான் நல்லதும்கூட. தானா ஏறுற துப்பாக்கிலாம் இங்க யாரும் வச்சிக்கினு இல்ல."

அவர் தன் வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். "அவளுக்கு இது திரும்பாது. உள்ள ப்ளேட் வச்சிருக்கு."

பிறகு உட்கார்ந்து சொன்னார். தண்டையார்பேட்டையில் அவருக்கு மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். சென்னைக்கு வந்து முப்பது வருடம். ஒரே மகள் பூமாரி. பி.காம். மூன்றாம் வருடம். பதினான்கு மாதத்துக்கு முன்னால் பூமாரி ஸ்கூட்டர் ஓட்ட, அம்மா பின்னால் உட்கார்ந்து எண்ணூர் ஹைரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போன கன்டெய்னர் டிரெய்லர் திடீரென்று இடப்பக்கம் ஒடித்தது. மகள் பின்சக்கரத்துக்குள் போய்விட்டாள். அம்மா வெளிப்பக்கம் விழுந்தாள். மணிக்கட்டோடு தப்பினாள்.

"அதுக்கப்புறம் பேச்சு கிடையாது. சோறு எறங்காது. போன மாசம் போன்ல ஏதோ பொம்பளப் பிள்ளைங்க சுடுத போட்டி ஓடிச்சு. பாத்துக்கிட்டே இருந்தா. நான் இதைக் கத்துக்கிடணும்னா. பதினாலு மாசத்துல அவளா வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான்."

அவர் சட்டையிலிருந்து மிளகாய் நெடி வந்தது. ஃப்ளோரன்ஸுக்குக் கண் கரித்தது. அது நெடியால் மட்டும் இல்லை.

ராமசெல்வி அடுத்த சனிக்கிழமை வந்தாள். நாற்பத்தெட்டு வயது. ஒல்லி. பருத்திப் புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். ஃப்ளோரன்ஸ் முதலில் காற்றுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தாள். லைசென்ஸ் தேவையில்லை, சத்தமில்லை, ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் வழக்கம். ராமசெல்வி அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது எவ்வளவு தூரம் போகும்?"

"பத்து மீட்டர் போட்டிக்கு இதான் அக்கா."

ராமசெல்வி அதை மேசையில் வைத்துவிட்டாள். மறுபடி தொடவில்லை.

பிறகு ஃப்ளோரன்ஸ் லாக்கரிலிருந்து பாயிண்ட் டூ டூ எனும் சிறு குண்டு ரைஃபிள்கள் மூன்றை எடுத்துவந்து பாயில் வரிசையாக வைத்தாள். ஜெர்மன் ரைஃபிள் துல்லியமானது, ஆனால் கனம். இரண்டாவது இந்தியத் தயாரிப்பு. இலேசானது, ஆனால் குண்டை ஏற்றும் போல்ட்டை ஒவ்வொரு தடவையும் மேலே திருப்பி இழுக்க வேண்டும். ராமசெல்வி முயன்றாள். மணிக்கட்டு பாதியிலேயே நின்றது. பல்லைக் கடித்து மறுபடி திருப்பினாள். நெற்றியில் வியர்வை வந்தது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. மூன்றாவது ரைஃபிளின் போல்ட் இன்னும் இறுக்கம். அதைத் தொட விடாமல் ஃப்ளோரன்ஸே எடுத்து வைத்துவிட்டாள்.

நகரத்தில் ஒரு டீலரிடம் பழைய செமி ஆட்டோமேட்டிக் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பல் வழிகாட்டியாக இருந்த ஒரு பழைய உறுப்பினருடையது. அவர் இறந்தபின் பிள்ளைகள் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். செக் நாட்டுத் தயாரிப்பு, நாற்பது வயது, இலேசான உடம்பு. முதல் குண்டை மட்டும் கையால் ஏற்றினால் போதும். அதையும் இடது கையால் செய்யலாம். கிளப்பின் லைசென்ஸில் அதை வாங்கி லாக்கரில் வைப்பது, ராமசெல்விக்குத் தனி லைசென்ஸ் கிடைத்தால் அவள் பெயருக்கு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடானது. அண்ணாச்சி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

ரைஃபிள் வந்ததும் ஃப்ளோரன்ஸ் அதை ராமசெல்வியின் உடம்புக்கு ஏற்றபடி மாற்றத் தொடங்கினாள். கப்பல்காரர் ஆறடி ஆள். தோளில் பதிகிற பின்கட்டையில் ஒன்றேகால் அங்குலம் அறுக்க வேண்டியிருந்தது. கன்னம் படுகிற இடத்தை உயர்த்த ஒரு தோல் திண்டு. இடது கையைச் சுற்றிப் பிடிக்க ஒரு வார். ஒவ்வொன்றாக மாட்டி, படுக்கவைத்து, எழுப்பி, மறுபடி கழற்றினாள். கழுத்தெலும்பின் மேல் கட்டை எங்கே உட்காருகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தபோது, எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையே இல்லாதது தெரிந்தது.

"வலிக்குதா அக்கா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளலாம்."

குறிபார்க்க உதவும் வட்டத் துவாரத்தைப் பொருத்தப் போனபோது ராமசெல்வி தடுத்தாள். "கண்ணாடி மாட்டுவாங்கல்லா. தூரத்துல உள்ளது கிட்டக்க தெரியுமே. அது."

"ஸ்கோப்பா? போட்டில அத்த அலோ பண்ண மாட்டாங்க."

"நான் போட்டிக்குப் போகல. எனக்குத் தெளிவாத் தெரியணும்."

வயதானால் பார்வை மங்கும், கேட்பதில் தவறில்லை என்று ஃப்ளோரன்ஸ் நினைத்துக்கொண்டாள். ஸ்கோப்பை மாட்டினாள்.

இப்படி ஒரு மாணவி அவளுக்கு வாய்த்ததில்லை. எல்லோரும் முதல் மாதம் விசையைப் பிடித்து இழுப்பார்கள். ராமசெல்வி அழுத்துகிறாளா இல்லையா என்றே தெரியாது. வெடிச் சத்தத்துக்குக் கண் சிமிட்ட மாட்டாள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, அந்த இடைவெளியில் சுட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபோது, "அது எனக்கு வரும்" என்றாள். அவள் மூச்சு ஏற்கனவே பாதியில்தான் நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது மாதத்தில் ஐந்து குண்டுகளையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போட்டாள். அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். திரும்பிப் போகும்போது ஃப்ளோரன்ஸிடம் வந்து சொல்வார்: "இன்னிக்குக் காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டா." "நேத்து அவளே மார்க்கெட்டுக்குப் போனா."

ஐந்தாவது மாதம் குண்டுகள் மேலே போகத் தொடங்கின.

சிதறவில்லை. அதே நாணய அளவில்தான் கூட்டமாக விழுந்தன, ஆனால் நடுக் கறுப்புக்கு நான்கு விரற்கடை மேலே. ஸ்கோப் அசைந்திருக்கும் என்று ஃப்ளோரன்ஸ் திருகைத் திருப்பிச் சரிசெய்தாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி நான்கு விரற்கடை மேலே. மறுபடி சரிசெய்தாள். மூன்றாவது வாரமும் அப்படியே இருக்க, ஸ்கோப்பின் திருகைக் கிட்ட வைத்துப் பார்த்தாள். யாரோ எண்ணித் திருப்பியிருந்தார்கள். ஐம்பது மீட்டரில் நான்கு விரற்கடை மேலே போகிற குண்டு, தொண்ணூறு மீட்டர் அருகில் இறங்கி நேராகக் குறியில் விழும். கிளப்பில் ஐம்பதுக்கு மேல் இடமே கிடையாது.

"அக்கா, இத்த நீங்களா திருப்புனீங்க?"

"ஆமா." ராமசெல்வி காதுமூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நடுவுலதான் எல்லாரும் சுடுதாங்களே."

தன் டார்கெட் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் மதிப்பெண்ணைப் பார்த்ததே இல்லை என்பது ஃப்ளோரன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரமே அண்ணாச்சி லைசென்ஸ் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார்களாம். மிச்சம் இருப்பது கிளப்பின் பயிற்சிச் சான்று மட்டும். பயிற்சியாளர் பெயர், கையெழுத்து, பரிந்துரை. விண்ணப்பத்தை நீட்டிய அவர் முகத்தில் வழக்கமான மலர்ச்சி இல்லை. "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்கம்மா. மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. அவ கூப்பிடச் சொன்னா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் சர்ச்சில் பூசை முடிந்து ஃப்ளோரன்ஸ் பஸ் பிடித்துப் போனாள். தண்டையார்பேட்டை வீட்டை விட்டுவிட்டு ஏழு மாதத்துக்கு முன்பே அவர்கள் திருவொற்றியூரைத் தாண்டி ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு வாடகைக்கு வந்திருந்தார்கள். இந்த வீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது ராமசெல்விதான். பழைய வீட்டில் மகள் நினைப்பு இருக்கும், இங்கே கடல் காற்று வரும் என்று அண்ணாச்சி ஒத்துக்கொண்டாராம்.

ஆட்டுக்கறிக் குழம்பும் ரசமும். ராமசெல்வி தன் கையால் பரிமாறினாள். தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். சுவரில் பூமாரியின் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை. கல்லூரி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அண்ணாச்சி கை கழுவிவிட்டுக் கண்ணயர்ந்தார்.

"மேல காத்து வரும். வாங்க" என்று ராமசெல்வி மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள்.

கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெயிலில் அதன் சிவப்பு வெளுத்திருந்தது. தினமும் அங்கேயே கிடப்பது பார்த்தாலே தெரிந்தது. எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் யார்டின் கேட். டிரெய்லர்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் புழுதியில் நின்றிருந்தன. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. டிரைவர்கள் லுங்கியோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ளோரன்ஸ் கைப்பிடிச் சுவரில் கை ஊன்றிக் கீழே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இங்கேர்ந்து அந்த டீக்கடை எவ்ளோ தூரம் அக்கா இருக்கும்?"

"எண்பத்தெட்டு மீட்டர்." ராமசெல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். "காலால நடந்து அளந்தேன். பொறவு போன்ல ஒரு மேப் இருக்குல்லா, அதுலயும் பாத்தேன்."

நான்கு மணி ஆனது. யார்டுக்குள்ளிருந்து ஒரு இளைஞன் வெளியே வந்தான். முப்பதுக்குள் இருக்கும். சாம்பல் நிறச் சட்டை. கடையின் கல் தூணுக்குப் பக்கத்தில் நின்று டீ வாங்கினான். சுற்றி நிற்பவர்களோடு பேசவில்லை.

"ரஞ்சித்" என்றாள் ராமசெல்வி. ஒரு உறவுக்காரரை அறிமுகம் செய்கிற குரல். "ஜாமீன்ல இருக்கான். ஸ்கூட்டர் தானா சறுக்கி விழுந்துச்சுன்னு கோர்ட்ல சொல்லியிருக்கான். நான் பின்னால உக்காந்திருந்தேன். சறுக்கல. தெனமும் நாலு மணிக்கு அதே தூணுகிட்ட நிக்கான். பத்து நிமிஷம்."

"அக்கா."

"சான்றுல கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"கமிட்டி கூடணும்" என்றாள் ஃப்ளோரன்ஸ். பொய். அது ராமசெல்விக்கும் தெரிந்திருக்கும்.

பஸ் நிறுத்தம் வரை அண்ணாச்சி கூட வந்தார். ஃப்ளோரன்ஸ் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். திருகு, தூரம், நாற்காலி. அவர் அதிர்ச்சி அடைவார், திரும்பி ஓடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்தபடி நடந்தார்.

"தெரியும்மா" என்றார்.

"தெரிஞ்சிக்கினேவா வாங்கிக் குடுத்தீங்க?"

"முதல்ல தெரியாது. துப்பாக்கி வந்த பொறவு ஒருநாள் நானும் மாடியில நின்னு பாத்தேன். புரிஞ்சிட்டு." தொண்டையைச் செருமினார். "லைசென்ஸ் வர மூணு வருஷம் ஆகும்னு எல்லாரும் சொன்னாங்க. வராமலேயே போகும்னும் சொன்னாங்க. அதை நம்பித்தான் விட்டேன். அந்த மூணு வருஷமும் அவ சாப்பிடுவால்லா. தூங்குவால்லா. இப்பம் என்னன்னா ஃபைலு ஓடுது. எல்லாரும் பாவம் பாக்காங்க. மகளைப் பறிகொடுத்த பொம்பளைன்னு ஒருத்தரும் குறுக்க ஒரு கேள்வி கேக்க மாட்டேங்காங்க."

பஸ் வந்தது. அவர் அவள் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டி, பிடிக்காமல் விட்டார்.

"கையெழுத்து போட்டுறாதீங்கம்மா. ஆனா போட மாட்டேன்னும் சொல்லிராதீங்க."

மூன்று வாரம் ஃப்ளோரன்ஸ் அவர் சொன்னபடிதான் நடந்தாள். ஒரு வாரம் கமிட்டி கூடவில்லை என்றாள். அடுத்த வாரம் செயலாளர் ஊரில் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ராமசெல்வி தலையாட்டிவிட்டுப் படுத்துச் சுட்டாள். அவள் போனதும் ஃப்ளோரன்ஸ் ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றித் தனி லாக்கரில் பூட்டி, சாவியைக் கழுத்துச் செபமாலையோடு கோத்துக்கொண்டாள். கிளப்பைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவள் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்களும் உண்டு. தான் சொல்லிக்கொடுத்ததை இனிப் பூட்டி வைக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை வானம் மூடியிருந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து புகை தாழ்வாக வந்து மண்மேட்டின் மேல் தேங்கி நின்றது. அன்று ராமசெல்வி மட்டும்தான் வந்திருந்தாள். ஐந்து குண்டுகளை ஏற்றிப் படுத்தாள். சத்தம் வரவில்லை. ஃப்ளோரன்ஸ் திரும்பிப் பார்த்தாள். மண்மேட்டின் மேல் ஒரு பெருச்சாளி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. ரைஃபிளின் முனை அதனோடு கூடவே நகர்ந்தது. அவசரமில்லை, நடுக்கமில்லை. அது நின்றால் நின்றது, ஓடினால் ஓடியது. மேட்டின் மறுமுனையில் அது பொந்துக்குள் போகிற வரைக்கும்.

"துப்பாக்கிய கீழ வைங்க" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

ராமசெல்வி வைத்தாள். "நான் சுடல."

"தெர்யும்."

"ஓடுததை எப்படிக் குறி பாக்கதுன்னு நீங்க இன்னும் சொல்லித்தரல."

திங்கட்கிழமை நான்கு மணிக்கு ஃப்ளோரன்ஸ் அந்த டீக்கடையில் இருந்தாள். மேலே நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்து வந்திருந்தாள். முதுகு முழுக்க ஒரு பார்வை ஊர்வதுபோல இருந்தது. ரஞ்சித் வந்து தூணருகே நின்றதும் பக்கத்தில் போய்த் தான் யார் என்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"இந்த யார்ட விட்டுட்டு வேற எங்கனா போய்டு தம்பி. மாதவரம் பக்கம் போ, ஸ்ரீபெரும்புதூர் போ. அந்தம்மா உன்னப் பாத்துக்கினு கீறாங்க."

"தெர்யும்க்கா." அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மொட்ட மாடி. நாற்காலி போட்டுக்கினு குந்திக்கினு கீது."

"தெரிஞ்சிக்கினா இங்க நிக்கற?"

"என் வூடு எம்.கே.பி. நகர். அங்கேர்ந்து கிட்ட யார்டு எவ்ளோ கீது. மின்ன வாரத்துல ரெண்டு நாளுதான் இங்க வர்வேன். அந்தம்மா இங்க வூடு மாறினு வந்துதுன்னு தெரிஞ்சதும் நான்தான் சூப்பர்வைசர்கிட்ட கேட்டு தெனமும் இங்க டூட்டி வாங்கினேன்." ஒரு வாய் குடித்தான். "வக்கீலு பேசவே கூடாதுன்ட்டாரு. பேசுனா கேஸு கெட்டுடுமாம். சரி, பேசத்தானே கூடாது. பாத்துக்கட்டும்னு வந்து நிக்கிறேன்."

"அவங்க துப்பாக்கி கத்துக்கினு கீறாங்க. நான்தான் கத்துக்குடுக்கறேன்."

அவன் டம்ளரைக் கடைத் திட்டின் மேல் வைத்தான். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்து முடித்தான்.

"நாளைக்கும் வர்வேன்க்கா" என்றான்.

வீட்டுக்குப் போய் ஃப்ளோரன்ஸ் விண்ணப்பத்தை எடுத்தாள். பரிந்துரை என்ற இடத்தில் 'பரிந்துரைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல் அழுந்தியது. அண்ணாச்சிக்கு முதலில் போன் செய்ய நினைத்து, செய்யவில்லை. அவர் கெஞ்சினால் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

சனிக்கிழமை ராமசெல்வி வந்ததும் காகிதத்தைக் கையில் கொடுத்தாள். ராமசெல்வி நின்றபடியே படித்தாள். ஒரு வார்த்தைதான், அதைப் படிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"ரஞ்சித்தைப் பாத்தேன்" என்றாள் ஃப்ளோரன்ஸ். "நீங்க பாக்கறது அவனுக்குத் தெர்யும் அக்கா. மொதல்லேர்ந்தே தெர்யும். அதுக்குத்தான் அங்க வந்து நிக்கறான்."

ராமசெல்வியின் முகம் மாறியது. இத்தனை மாதமாக ஃப்ளோரன்ஸ் அந்த முகத்தில் கோபத்தைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். மேல் உதடு வெளுத்திருந்தது.

"சுட மாட்டேன்னு நெனச்சு நிக்கானா, சுடட்டும்னு நிக்கானா?"

"அத நான் கேக்கல."

"கேட்டிருக்கலாம்" என்றாள் ராமசெல்வி. காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்தபடி வெளியே போனாள். வாசலில் நின்ற அண்ணாச்சியையும் கடந்து போனாள்.

நடந்ததை அண்ணாச்சி அன்று மாலை போனில் சொன்னார். வார்த்தை கோர்வையாக வரவில்லை. நான்கு மணிக்கு அவள் மாடிக்குப் போகவில்லையாம். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாளாம். இவர் பின்னாலேயே ஓடினார். லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து நேராகத் தூணருகே போய் நின்றாள். ரஞ்சித் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றான். அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"அவன் என்ன சொன்னான் அண்ணாச்சி?"

"சுட்டா நல்லாருக்கும்மான்னான். தூக்கமே வரலைன்னான். தெனம் இங்க வந்து உங்க கண்ணுல படுத பத்து நிமிஷம்தான் மனசு கொஞ்சம் அடங்குதுன்னான்."

அதற்கு ராமசெல்வி சொன்னதை அவர் மூச்சு வாங்கிச் சொன்னார். "ஒனக்கு அடங்குததுக்கா நான் வெயில்ல உக்காந்திருந்தேன்னு கேட்டா. நான் உன்னைக் காவு வாங்கப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். நீ என்னை வச்சு மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கியேன்னா. நாளையிலேருந்து என் கண்ணுல படக் கூடாது. படணும்னா கோர்ட்ல படு. ஸ்கூட்டர் சறுக்கலைன்னு அங்க சொல்லுன்னுட்டுத் திரும்பி வந்துட்டா."

ரஞ்சித் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆனால் நிம்மதி வரவில்லை. ராமசெல்வி மாடிக்குப் போவதை விட்டாள், சோற்றையும் விட்டாள். கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஐந்து வாரத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அண்ணாச்சி போன் செய்யும்போதெல்லாம் ஃப்ளோரன்ஸை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அந்தக் காகிதத்தில் தான் எழுதியது சரிதான் என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் மனம் கனத்தது.

அடுத்த வாய்தாவுக்கு அண்ணாச்சி மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். ஃப்ளோரன்ஸும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். ரஞ்சித் கூண்டில் ஏறினான். வக்கீல் பேச எழுந்தார். அவன் கையைத் தூக்கி அவரை நிறுத்தினான். இரண்டு நாள் தொடர்ந்து வண்டி ஓட்டியதாகவும், அந்த இடத்தில் கண் அசந்துவிட்டதாகவும், ஸ்கூட்டர் தன் பாட்டில் ஒழுங்காகப் போனதாகவும் சொன்னான். பேசி முடிக்கும்வரை ராமசெல்வியின் பக்கம் திரும்பவில்லை. தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. பதினெட்டு மாதம்.

தீர்ப்புக்கு அடுத்த சனிக்கிழமை ராமசெல்வி கிளப்புக்கு வந்தாள். தனியாக, பஸ்ஸில். இன்னும் மெலிந்திருந்தாள். ஃப்ளோரன்ஸ் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"பதினெட்டு மாசம் கழிச்சு வெளிய வருவான். அதுக்கு முன்னாலயே விட்டாலும் விடுவாங்கன்னு வக்கீல் சொல்லுதாரு."

"ஆமா அக்கா."

"அப்பம் நான் இன்னொரு ஃபாரம் கொண்டாருவேன்னு நெனக்கேன். கொண்டார மாட்டேன்னு என்னால சொல்ல முடியல. ராத்திரி படுத்தா அந்தத் தூணுதான் தெரியுது. அவன் போயிட்டான், தூணு போகல."

ஃப்ளோரன்ஸ் நாற்காலியைச் சுவரோரம் திருப்பி வைத்தாள்.

"அப்பமும் இதேதான் எழுதுவீங்களா?"

"இதேதான் எழுதுவேன்."

"நான் அழுதாலும்?"

"அழுதாலும்தான் அக்கா."

ராமசெல்வி தலையை ஆட்டினாள். திருப்தியா வெறுப்பா என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காதுமூடியை எடுத்து மாட்டினாள். எட்டாவது தடத்தில் போய்ப் பாயில் படுத்தாள். இடது கையை நீட்டிக் காத்திருந்தாள்.

வெளியே அனுப்பிவிடலாம் என்று ஃப்ளோரன்ஸ் நினைத்தாள். அனுப்பினால் அவள் எங்கே போவாள், யாரிடம் கற்றுக்கொள்வாள் என்றும் நினைத்தாள். செபமாலையிலிருந்து சாவியைக் கழற்றி, லாக்கரைத் திறந்து, போல்ட்டை மாட்டி ரைஃபிளைக் கொண்டுவந்து கொடுத்தாள். குண்டுப் பெட்டியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரே ஒரு குண்டை எடுத்து நீட்டினாள். அது வெடித்து அடங்கி, காலிக்கூடு தரையில் உருண்டு நின்றபிறகு, இரண்டாவதை எடுத்தாள்.